அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமலே பெரும் பெயர் எடுத்த நீதிபதி யாராவது உண்டா?

என்னைக் கேட்டால் லேர்னட் ஹேண்ட் (1872–1961). 1909-இல் நியூயார்க்கில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஆனார். 1924-இல் இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களின் கூட்டாட்சி வழக்குகள் மேல்முறையீட்டுக்கு வருவது அங்கேதான். அதற்கு மேல் அவர் போகவில்லை.

1942-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இடம் காலியானபோது அவர் பெயர் பலமாக அடிபட்டது. ஆனால் அவருக்கு அப்போது வயது 70. எழுபதைத் தாண்டிய நீதிபதிகளால் வேலை ஓடவில்லை என்று 1937-இல் புகார் சொன்னவரே அதிபர் ரூஸ்வெல்ட்தான்! இடம் 48 வயது வைலி ரட்லெஜுக்குப் போனது. அவர் 1949-இல் இறந்துவிட்டார். ஹேண்ட் 1961 வரை இருந்தார்.

சரி, உச்ச நீதிமன்றம் அவரிடம் வந்த கதையும் உண்டு. அலுமினிய நிறுவனமான அல்கோவா மீதான ஏகபோக வழக்கில் பல உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விலகிக்கொள்ள, விசாரிக்கப் போதுமான ஆள் இல்லை. அதற்காகவே 1944-இல் சட்டத்தைத் திருத்தி வழக்கை இரண்டாவது சர்க்யூட்டுக்கு அனுப்பினார்கள். 1945-இல் ஹேண்ட் எழுதியதே இறுதித் தீர்ப்பு. சந்தையில் 90 சதவீதம் கையில் இருந்தால் அது ஏகபோகம், 33 சதவீதம் நிச்சயமாக இல்லை என்று அவர் எழுதியதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு அவர் பெயர் 1947-இன் கரோல் டோயிங் வழக்கோடு ஒட்டியிருக்கும். நியூயார்க் துறைமுகத்தில் கட்டு அவிழ்ந்து போன ஒரு சரக்குப் படகு மூழ்கியது. காவலுக்கு இருக்க வேண்டியவர் படகில் இல்லை. முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு, விபத்துக்கான வாய்ப்பையும் நேரக்கூடிய நஷ்டத்தையும் பெருக்கினால் வருவதைவிடக் குறைவா? அப்படியானால் அதைச் செய்யாதது கவனக்குறைவு என்றார்.

எனக்கு உடன்பாடில்லாத இடமும் இந்தக் கணக்குதான். 1917-இல், போரை எதிர்த்த ஒரு சோஷலிசப் பத்திரிகையை அஞ்சல் துறை ஏற்க மறுத்தபோது, சட்டத்தை மீறச் சொல்லி நேரடியாகத் தூண்டாத பேச்சு குற்றமாகாது என்று தைரியமாகத் தீர்ப்பளித்தவர் இவர். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1950-இல் கம்யூனிஸ்ட் தலைவர்கள் 11 பேரின் வழக்கு வந்தபோது, கிட்டத்தட்ட படகுக் கணக்கையே பேச்சுக்கும் போட்டார்: தீங்கு எவ்வளவு பெரிது, நடக்க வாய்ப்பு எவ்வளவு? தண்டனை உறுதியானது. மறுஆண்டு உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது. பிறகு 1969-இல் அதே உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு வகுத்த அளவுகோல், ஹேண்டின் 1917 தீர்ப்புக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.