க்ளோயியா, ஊரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன வாரம்தான் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ விளையாடி முடித்தேன். கடைசியில் க்ளோயியைப் பலிகொடுக்கும் பட்டனை அமுக்கிவிட்டு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் துக்கம் போய்க் கோபம்தான் மிஞ்சியது. ஐந்து எபிசோடிலும் ஒவ்வொரு சாய்ஸையும் யோசித்து யோசித்து எடுத்தேன், மொட்டைமாடியிலிருந்து குதிக்கப்போன கேட் என்ற பெண்ணைக்கூடக் காப்பாற்றினேன். கடைசியில் பார்த்தால் இரண்டே இரண்டு பட்டன். முன்னால் செய்த எதற்கும் மதிப்பில்லை என்றால் எதற்கு அவ்வளவு யோசிக்க வைத்தார்கள்? ரூம்மேட் “வெறும் கேம்தானடா, விடு” என்கிறான். இன்னொரு எண்டிங்கையும் விளையாடிப் பார்க்கலாமா?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

(இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம், கடைசிக் காட்சிவரை சொல்லப்போகிறேன்.)

மற்றவர்களுக்காகக் கதை சுருக்கமாக. பிரான்சின் டோன்ட்நாட் நிறுவனம் உருவாக்கி, 2015இல் ஐந்து எபிசோடுகளாக வெளிவந்த கேம். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் ஆர்கேடியா பே என்று ஒரு கற்பனை ஊர். அங்கே போட்டோகிராபி படிக்கும் மேக்ஸ், பள்ளிக் கழிவறையில் ஒரு பெண் சுடப்படுவதைப் பார்த்துப் பதறிக் கையை நீட்ட, நேரம் பின்னோக்கி ஓடுகிறது. அவள் காப்பாற்றுவது சிறுவயதுத் தோழி க்ளோயியை. அந்த வாரக் கடைசியில் ஊரையே விழுங்க ஒரு சூறாவளி வந்து நிற்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கத்தில் க்ளோயியே ஒரு நீலப் பட்டாம்பூச்சிப் படத்தை மேக்ஸ் கையில் கொடுக்கிறாள். போட்டோவுக்குள் புகுந்து அது எடுத்த கணத்துக்கே மேக்ஸால் போகமுடியும். அந்தப் படத்தின் வழியாகக் கழிவறைக்குத் திரும்பிப் போய் அவளைச் சாகவிட்டால் ஊர் பிழைக்கும்.

உங்கள் கோபம் புதிதல்ல, கடைசி எபிசோடு வந்ததிலிருந்தே பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அதில் பாதி நியாயமும் இருக்கிறது. க்ளோயியை விட்டுக்கொடுத்தால் இறுதிச்சடங்கு வரை நிதானமாகக் காட்டுகிறவர்கள், ஊரை விட்டுக்கொடுத்தால் இடிந்துகிடக்கும் தெருவில் இருவரும் வண்டியில் போவதைக் கொஞ்ச நேரம் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். எந்தப் பதிலைச் சரியென்று நினைக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை என்னிடம் விட்டால் முழுதாக விட வேண்டும்.

ஆனால் “முடிவு மாறவில்லை, அதனால் மதிப்பில்லை” என்கிறீர்களே, அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. நாலாவது எபிசோடின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளோயியின் அப்பா வில்லியம் 2008இல் கார் விபத்தில் இறந்தவர். மேக்ஸ் ஒரு பழைய படத்துக்குள் புகுந்து கார் சாவியை மறைத்துவைக்கிறாள், அவர் பிழைத்துவிடுகிறார். திரும்பி வந்து பார்த்தால் அதே மாதிரி இன்னொரு விபத்து, இந்த முறை க்ளோயிக்கு. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, மூச்சும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் நடந்தால் ஆஸ்பத்திரி பில்லும் கடன் கடிதமும் கண்ணில் படும். அப்பா அம்மா அவள் எதிரில் சிரித்துப் பேசுகிறார்கள். இரவு இருவரும் சேர்ந்து ஒரு சினிமா பார்த்துவிட்டு, காலையில் போட்டோ ஆல்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்கிறாள்: மார்ஃபினைக் கொஞ்சம் கூட்டிவிடு, நான் போய்விடுகிறேன்.

சரி என்றாலும் முடியாது என்றாலும் கதையில் எதுவும் மாறாது. மேக்ஸ் மறுபடியும் அந்தப் படத்துக்குள் போய் வில்லியமைப் போகவிட்டுவிடுவாள், அந்தக் காலை நடக்காததாகவே ஆகிவிடும். இந்த ஐந்து எபிசோடில் எந்த இடம் நினைவிருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் அந்த அறையைச் சொல்கிறார்கள். விளைவே இல்லாத ஒரு தேர்வு ஏன் இப்படி உட்கார்ந்துகொள்கிறது? திரையில் என்ன ஆகும் என்பதற்காக நீங்கள் அங்கே யோசிக்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவள் ஒன்று கேட்டாள், அவளுக்குப் பதில் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் அதே க்ளோயி திரும்பவும் அதையேதான் கேட்கிறாள், என்னைப் போகவிடு என்று. இந்த முறை காரணம் வேறு. டைனரில் வேலை பார்க்கும் அம்மா ஜாய்ஸ் புயலில் சாகக்கூடாது என்கிறாள். ஒரு உயிரா ஊர் முழுக்கவா என்று கணக்குப் போட்டால் விடை சுலபம், ஆனால் விளையாடியவர்களில் எத்தனை சதவீதம் பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஒரு திரை காட்டுகிறார்களே, அதில் இந்தக் கேள்விக்கு உலகம் ஏறத்தாழ இரண்டாகப் பிரிந்துபோயிருந்தது. ஏற்கெனவே கணவனை இழந்த ஜாய்ஸிடமிருந்து மகளையும் எடுப்பதா, இல்லை ஜாய்ஸையே எடுப்பதா? நீங்கள் காப்பாற்றிய அந்தக் கேட் என்ற பெண்ணும் அதே ஊரில்தான் இருக்கிறாள். அவளைப் பேசிப் பேசி இறக்கினோமே, ரீவைண்டும் கைகொடுக்காத இடத்தில், அவள் அறையில் பார்த்ததை ஞாபகம் வைத்துத் தங்கைகளைப் பற்றிச் சொல்லி! நீங்கள் அமுக்கிய பட்டன் அதையும் சேர்த்து அழித்துவிட்டது. மேக்ஸைத் தவிர அந்த ஊரில் ஒருவருக்கும் அந்த வாரம் நடந்ததே தெரியாது. மேக்ஸுக்கு அப்புறம் உங்களுக்கு.

உங்கள் ரூம்மேட்டுக்கு ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்ற இன்னொரு கேமைக் கொடுங்கள். அங்கே கடைசியில் தேர்வே கிடையாது. ஆபரேஷன் அறையில் டாக்டரைக் கொன்றால்தான் ஆட்டம் நகரும். வெறும் கேம்தான் என்கிறவர் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொரு எண்டிங்கைத் தாராளமாகப் பாருங்கள், யூடியூபிலேயே கிடைக்கும். விளையாட மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உடனே போய் மற்றதை அமுக்கினால் இரண்டுமே வெறும் காட்சியாகிவிடும். நானும் க்ளோயியைத்தான் விட்டேன், இதுவரை மாற்றி விளையாடவில்லை.

அப்புறம், மார்ஃபின் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவேயில்லையே?