அம்மிச்சியின் அட்டிகையைக் கடையில் போடலாமா?

கேள்வி: என் அம்மிச்சிக்கு 1964இல் கல்யாணம். அவரது கெம்புக்கல் அட்டிகை, ஜோடி தொலைந்துபோன ஒற்றைத் தோடு, விரிசல் விட்ட வளையல் ஒன்று, மூன்றும் அம்மா கையால் என்னிடம் வந்திருக்கின்றன. அட்டிகையில் ஏழு கற்கள் இல்லை, ஓர் இணைப்பும் விட்டிருக்கிறது. வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். "ஒடஞ்ச நகை ஊட்டுல இருக்கக் கூடாது, கடையில போட்டுட்டுப் புதுசா எடுத்துக்க" என்கிறார் மாமியார். அட்டிகையில் தனக்கும் பங்கு உண்டு என்கிறாள் தங்கை. என்ன செய்யலாம்?

– கோபி பக்கமிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மிணி, முதல் வேலையாக ஒன்றைச் செய்யாமல் இருங்கள். பளிச்சென்று ஆகட்டும் என்று அட்டிகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கெம்புக் கட்டில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு இருக்கும், அதற்கும் கீழே அரக்கு. கல்லுக்குச் சிவப்புச் சுடர் தருவதே அந்தத் தகடுதான். உள்ளே தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்துவிடும், கல் செத்துப்போன மாதிரி தெரியும். சுடுதண்ணீர் என்றால் அரக்கும் இளகும். மெத்தென்ற காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

உடைந்த நகை ஆகாது என்ற பேச்சுக்கு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஊதிப் பற்றவைத்துவிட்டால் அது உடைந்த நகை இல்லை. மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள்.

கடையில் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே சூடுபட்டவள். கல்யாணமான புதிதில் என் ஆத்தாவின் அட்டிகையை ஒரு கடையில் கொடுத்து, அப்போது எல்லோரும் போட்டிருந்த முறுக்குச் சங்கிலி வாங்கினேன். கற்களைக் குறடால் நெம்பி எடுத்து, ரோஸ் காகிதத்தில் மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இருபத்தோரு கல். அந்தப் பொட்டலம் இன்னும் பீரோவில் இருக்கிறது, சங்கிலிதான் இரண்டு முறை மாறிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. கேட்டது நான்தான்.

கணக்கையும் பாருங்கள். உங்கள் அட்டிகை 38 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்கும் அரக்குக்கும் 9 கிராம் கழித்தால் 29. மாத்து, அதாவது தங்கத்தின் சுத்தம், பார்த்தால் 84 சதவீதம் என்று வரலாம். உடனே அந்தக் காலத்து ஆசாரியைத் திட்ட வேண்டாம். அட்டிகையில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி, ஒவ்வொரு குழியையும் பொடி வைத்து ஊதித்தான் ஒட்ட முடியும். அந்தப் பற்றவைப்புப் பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும், அப்போதுதான் தங்கத்துக்கு முன்னால் அது உருகும். ஒட்டு கூடக் கூட மாத்து இறங்கும். ஆக, 29 கிராமில் சுத்தத் தங்கம் 24.36 கிராம். இன்றைய 916 (91.6 சதவீதத் தங்கம்) கணக்கில் சுமார் 26.6 கிராம், மூன்று சவரனுக்குச் சற்று மேல். சேதாரம் 15 சதவீதம் போடுகிற கடையில் அதற்கு ஈடாகக் கையில் வருவது 23 கிராம் நகை. புது நகையின் முழு மதிப்புக்கும் 3 சதவீத ஜிஎஸ்டி தனி. மூன்று சவரன் கொடுத்து மூன்றுக்குக் குறைவாக வாங்கி வருவீர்கள். ஆசாரி உட்கார்ந்து செய்த கல் கட்டு வேலைக்கு அந்தத் தராசில் எடையே கிடையாது.

1964 என்று எழுதியதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றன. 1966 வரை அந்தக் கெடுபிடி இருந்தது, எத்தனையோ ஆசாரிமார் பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அதனால் மூன்றையும் ஒன்றாகப் போட்டு மாத்து பார்க்க விடாதீர்கள். அட்டிகை அதற்கும் முந்தையதாக இருக்கலாம், வளையல் கல்யாணத்துக்கென்று 14 காரட்டில் செய்ததாக இருக்கலாம். கடை மெஷின் மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும், நாலைந்து இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் நம் போன்றவர்களும் நேரே கொடுத்துச் சோதிக்கலாம்.

என் முடிவு இது: வளையலை உருக்குங்கள், அட்டிகையை உருக்காமல் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட வளையலை ஒட்டினாலும் பக்கத்திலேயே மறுபடி விடும். கோவை ராஜ வீதி, பெரிய கடை வீதிச் சுற்றுவட்டாரத்தில் பட்டறைகள் நிறைய. கண்ணெதிரே உருக்கச் சொல்லுங்கள். உருக்கும் முன் எடை, பின் எடை, மாத்து மூன்றும் சீட்டில் வரட்டும். அதில் புதிதாகச் செய்வதற்கு ஹெச்யூஐடி என்ற, ஒவ்வொரு நகைக்கும் தனியான ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு போட்டு வாங்கி, பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பாருங்கள்.

ஒற்றைத் தோட்டுக்கு ஜோடி செய்ய முயல வேண்டாம், பக்கத்தில் வைத்தால் புதுத் தோடு புதுசாகவே தெரியும். காதில் நுழைகிற தண்டை எடுத்துவிட்டு மேலே ஒரு வளையம் வைத்தால் அழகான டாலர்.

அட்டிகைக்குக் கல் கட்டத் தெரிந்த கையாகத் தேடுங்கள். எல்லா ஆசாரிக்கும் அது வராது. ஏழு கல் தேடும்போது புதுக் கல்லின் பளபளப்பு உறுத்தும், பழைய நகைகளிலிருந்து எடுத்த கற்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். காங்கேயம் பக்கம் பட்டை தீட்டுகிறவர்களிடமும் விசாரிக்கலாம். கல்லும் நம் ஊரும் பழைய சொந்தம். நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சோதனையில் உங்கள் கெம்பு செயற்கை என்று வந்தாலும் மனசு விடாதீர்கள். வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902லேயே உலையில் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார், நம் பாட்டிமார் கழுத்தில் அவையும் ஏறியிருக்கின்றன. கொடுக்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுத்து, இருக்கிற கற்களை எண்ணிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

தங்கை விஷயம். அட்டிகையை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டால் இருவருக்கும் நகை இருக்காது. அம்மாவை நடுவில் உட்கார வைத்துக் கேளுங்கள், அவர் கொடுத்ததுதானே. என்னைக் கேட்டால், வளையல் தங்கத்தில் தங்கைக்கு ஒரு சங்கிலி செய்து அந்தத் தோட்டு டாலரைக் கோத்துக் கொடுப்பேன். அட்டிகை உங்களிடம் இருக்கட்டும், அவள் வீட்டு விசேஷத்துக்கும் அதுதான் போகும் என்று அம்மா முன்னாலேயே பேசிவிடுங்கள். அப்போதும் அவள் முகம் சுளித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

தைக் கல்யாணம் என்றால் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி வந்தால் தீபாவளி வேலை, மார்கழியில் தை முகூர்த்த நகைகள், ஆசாரியைப் பிடிக்க முடியாது. அப்புறம், பின்கயிற்றைப் புதிதாகக் கட்டச் சொல்லும்போது மகளையும் கூட்டிப்போய் அவள் கழுத்துக்கு அளவெடுங்கள். அம்மிச்சி காலத்து அட்டிகை கழுத்தோடு ஒட்டி நிற்கும். இப்போதைய பிள்ளைகளுக்கு இரண்டு விரல் இறக்கிக் கட்டினால்தான் பிடிக்கிறது.