பூட்டிய பலகார அலமாரியும் விடியற்கால வியர்வையும்

கேள்வி: எனக்கு வயது 46. காரைக்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். கணவர் மலேசியாவில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் சென்னையில் படிக்கிறார்கள். மூன்று மாதங்களாக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு 82 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு வந்தேன். ஐந்து வாரமாக எடை அசையவே இல்லை. காலையில் பால் இல்லாத காப்பி, பதினோரு மணிக்கு இரண்டு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் பொரியல், இரவில் வெள்ளரிக்காய் என்று கட்டுப்பாடாகத்தான் இருக்கிறேன். என் மாமியாருக்கு (வயது 74) சர்க்கரை உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன்புவரை தனி அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டவர், முழங்கால் தேய்ந்த பிறகு என்னிடம்தான் சாப்பிடுகிறார். அவருக்கும் நல்லதுதானே என்று ஒரு மாதமாகச் சோறு, இட்லியை நிறுத்திவிட்டேன். மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்துவிடுகிறேன். அவரோ விடியற்காலையில் வியர்த்து விறுவிறுத்து, கை நடுங்க எழுந்து வந்து, பலகாரம் கேட்டுச் சிறுபிள்ளைபோல் அடம்பிடிக்கிறார். அதனால் சம்படங்களை இரண்டாங்கட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆனால் சாவி என்னிடம்தானே இருக்கிறது? இரவு பத்து மணிக்கு மேல் எனக்கே இனிப்பின்மீது வெறி வந்துவிடுகிறது. போன வாரம் நின்றபடியே ஆறு அதிரசம் தின்றுவிட்டு அழுதேன். இந்த ஆசையை அடக்க ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: சகோதரி, உங்கள் அதிரசத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். நீங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன சில வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இனிப்பு ஆசையை அடக்க வழி கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் பழகியவை. எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் “கவலைப்படாதீர்கள், எல்லாருக்கும் இப்படித்தான்” என்ற ஒரு வார்த்தையை எதிர்பார்ப்பார்கள் என்பதும் தெரியும். உங்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் 74 வயதுப் பெண்மணியின் தட்டிலிருந்து சோற்றையும் இட்லியையும் எடுத்துவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே கொடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் அவர் விடியற்காலையில் வியர்த்து, கை நடுங்கி, இனிப்புக் கேட்டு எழுந்து வருகிறார். இதை நீங்கள் அடம் என்று எழுதுகிறீர்கள். நான் மருத்துவர் அல்லேன். நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிவாகச் சொல்லவும் மாட்டார். ஆனால் இந்த வரிகளை எந்த மருத்துவரிடம் படித்துக் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “அந்த நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தீர்களா?” என்பதாகத்தான் இருக்கும். வேறு காரணம் என்று தெரியவரும்வரை, இதை ‘லோ சுகர்’, அதாவது இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோன நிலை என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பத்திரிகை அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை பொறுக்கக் கூடாதென்று, கடிதம் கிடைத்த அன்றே அலுவலகத்தின் வழியாக உங்களுக்குத் தகவல் சொல்லச் செய்தேன். இருந்தும் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் நல்லெண்ணத்தோடு இதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கும் வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கும்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பின்புறத்தைப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஒன்று இருந்தால், அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை. சாப்பிட்டவர் சோறு தின்றாரா, வெள்ளரிக்காய் தின்றாரா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. இறக்க வேண்டிய அளவுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கிளிமிபிரைடின் வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இன்னும் நீளும். கிளிபென்கிளமைடை முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டும் என்றே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையாக இருந்தால் ஆபத்து வேறு வழியில் வரும்: மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து, சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்படலாம். அவர் இன்சுலின் ஊசி போடுகிறவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் தாழ்வு. 54க்குக் கீழே போனால் மூளைக்கே போதிய சர்க்கரை எட்டாத நிலை. அப்போது உடல் வியர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடக்கும், மனிதர் சிடுசிடுப்பார், பேச்சு குழறும், இனிப்பு வேண்டும் என்று உடல் கெஞ்சும். உங்கள் மாமியார் விடியற்காலை இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டாங்கட்டு வரை நடந்து வந்து பலகாரம் கேட்டது, அவர் உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த முயற்சி. நீங்கள் அந்த அலமாரியைப் பூட்டினீர்கள். தேய்ந்த முழங்காலோடு, தலை சுற்றலோடு, வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அவர் கால் வைத்து வந்ததை நினைத்துப் பாருங்கள்; இடுப்பெலும்பு முறிந்து படுத்த எத்தனை முதியவர்கள் எழுந்து நடந்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மருத்துவரைப் பார்க்கும்வரை, எந்தச் சாப்பாட்டைக் கணக்கில் வைத்து அந்த மாத்திரை எழுதப்பட்டதோ அந்தச் சாப்பாட்டை அவருக்கு மூன்று வேளையும் திரும்பக் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். இன்றைக்கே மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லாவிட்டால் வாங்குங்கள். படுக்கைக்குப் போகுமுன்னும் விடியற்காலை மூன்று மணிக்கும் பார்த்து எழுதி வையுங்கள். வியர்த்து நடுங்கும்போது அவர் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரை பாருங்கள். ஏறவில்லையானால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு ஒரு இட்லியாவது சாப்பிடச் செய்யுங்கள். பலகாரம் இந்த நேரத்துக்கு உதவாது, எண்ணெயும் நெய்யும் சேர்ந்தது மெதுவாகத்தான் இரத்தத்தில் ஏறும். குளுக்கோஸ் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு: நம் ஊர்களில் எழுதித் தரும் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் வோக்ளிபோஸ் என்ற மருந்தும் இருக்கும், அதைச் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரைத் தண்ணீர் உடனே வேலை செய்யாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளால் வரும் தாழ்வு ஒருமுறை சரியான பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரக்கூடியது என்பதால், விடிந்ததும் தெளிவாக இருக்கிறாரே என்று விட்டுவிடக் கூடாது.

முதியவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (HbA1c) 7.5, சில வேளை 8 வரைக்கும்கூட விட்டுவைக்க மருத்துவர்கள் இசைவதற்குக் காரணமே இந்தத் தாழ்வுதான். உங்கள் மாமியாருக்குச் சோற்றைக் குறைப்பது நல்லதாகவே இருக்கலாம். மாத்திரையையும் சேர்த்துக் குறைத்து, மருத்துவர் பார்வையில் செய்தால் பலருக்கு நன்மை கிடைத்திருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரும் அவருடைய மருத்துவரும். அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் “நிறுத்திவிட்டேன்” என்று இருக்கிறது. “கேட்டேன்” என்று எங்கும் இல்லை. மலேசியாவில் இருக்கும் மகனுக்காவது தெரியுமா?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். நீங்கள் வாழ்கிற செட்டிநாட்டு மண்ணில், கல்யாணமான மகனை ஒரே வீட்டுக்குள் வேறு வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் (அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும்) தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒட்டாத உறவுபோலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. தன் சோற்றைத் தானே பொங்கித் தின்பது ஒரு மனுஷிக்குக் கடைசிவரை இருக்க வேண்டிய மரியாதை என்று அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். உங்கள் மாமியார் எழுபது வயது தாண்டியும் அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு, உடம்பு இடம்கொடாதபோதுதான் தன் அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தார். அப்படி வந்தவருடைய பசிக்கு நீங்கள் பொறுப்பாளி, அதிகாரி அல்ல. தன் உடம்பைக் குறைக்க நோன்பிருக்க யாருக்கும் உரிமை உண்டு. அந்த நோன்பில் இன்னொருவர் வயிற்றையும் சேர்த்துக்கொள்ள மருமகளுக்கோ மகளுக்கோ உரிமை கிடையாது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது தெரியும். வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறவர் கெட்டவராக இருக்க முடியாது. ஆனால் கடமையை இயந்திரம்போலச் செய்துவிட்டு, எதிரே நிற்கும் முகத்தைப் பார்க்காமல் போனதற்கு உங்களைக் கண்டிக்காமல் இருக்க முடியாது.

இனி உங்கள் அதிரசம்.

நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டுப் பட்டியல் மாவுச்சத்தைக் குறைத்த உணவு அல்ல, அரைப்பட்டினி. பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. இரண்டு முட்டையில் கிடைப்பது ஏறக்குறைய 12 கிராம். ஒரு கிண்ணம் பொரியலும் வெள்ளரிக்காயும் மிச்சத்தை ஈடுகட்டாது. சோற்றை எடுத்த இடத்தில் நீங்கள் எதையும் வைக்கவில்லை. பகலெல்லாம் வெறும் வயிற்றோடு வேலை செய்த உடல், வீடு அடங்கியதும் கேட்கிறது. அதைப் போய் ஆசை என்றும் வெறி என்றும் திட்டுகிறீர்கள். மாமியாருடைய உடல் கேட்டதை அடம் என்றீர்கள், உங்கள் உடல் கேட்பதை வெறி என்கிறீர்கள்; இரண்டு இடத்திலும் நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

முதலில் குறைந்த கிலோக்களை நினைத்து ஏங்க வேண்டாம். மாவுச்சத்தை நிறுத்தியதும் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரை கரைகிறது; அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஆகவே தொடக்கத்தில் தராசு காட்டிய வேகத்தில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு அந்த வேகத்தில் கரையாது. 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்திருந்தார்கள். இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இரு சாராருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை, சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விடுங்கள், காய்கறியை நிறையச் சாப்பிடுங்கள் என்பவை. ஓராண்டில் 6 கிலோ என்பதைக் கவனியுங்கள். நீங்கள் மூன்று மாதத்தில் 7 கிலோ இழந்துவிட்டு, அது நின்றதற்குத் தண்டனையாகச் சாப்பாட்டை இன்னும் சுருக்கியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

செட்டிநாட்டு அடுப்படியில் இருந்துகொண்டு மாவுச்சத்தைக் குறைக்க முடியாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்புக்கறி, மீன், நண்டு, முட்டை, கீரை மசியல், வாழைப்பூ, சுண்டைக்காய், அவரைக்காய் என்று உங்கள் சமையலின் பாதி அதற்கென்றே அமைந்தது. காலையில் எட்டு மணிக்குள் முட்டையைக் காய்கறியோடு சாப்பிடுங்கள். பதினோரு மணி வரை தள்ளாதீர்கள். மதியம் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொள்ளுங்கள். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம்தான், அது உங்களைக் கெடுக்காது. அதைச் சுற்றிக் கறியோ மீனோ, சைவ நாளானால் பருப்புக் கூட்டும் தயிரும், இரண்டு வகைக் காயும் தாராளமாக இருக்கட்டும். உப்பை அடியோடு குறைத்திருந்தால் தலைவலியும் சோர்வும் வரும். இரத்த அழுத்தம் இல்லையென்றால் மோரில் உப்புப் போட்டுக் குடியுங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்கு, உங்கள் மாமியார் சாப்பிடும் அதே நேரத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். தட்டுகள் வேறாக இருக்கலாம். அவருக்கு இட்லி, உங்களுக்கு மீன் என்று இருந்தால் என்ன?

பலகாரத்தை வருஷம் முழுவதும் சம்படத்தில் நிரப்பி வைக்க வேண்டிய அவசியம் என்னவென்று யோசியுங்கள். பிள்ளைகள் சென்னையில், கணவர் மலேசியாவில். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு எடை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகள் வரும்போது சுடுங்கள். அன்றைக்கு நீங்களும் ஒரு அதிரசத்தையோ இரண்டு பணியாரத்தையோ பகலில், சாப்பாட்டோடு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். கருப்பட்டி போட்டது, கவுனி அரிசியில் செய்தது என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான், கவுனி அரிசியும் அரிசிதான், இரண்டின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும் என்றாலும் கணக்கு மாறாது.

இப்படி எட்டு வாரம் சாப்பிட்டும் எடை அசையாவிட்டால், உங்கள் வயதில் தைராய்டையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போதே உங்களுக்கும் சேர்த்து இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், விடியற்காலையில் பார்த்து எழுதிய எண்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு மாதமாக அவர் என்ன சாப்பிட்டார் என்பதை ஒளிக்காமல், அவர் எதிரிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.