நகரித் தறிக்காரர் மகளுக்குக் கோடி ரூபாய் டாக்டர் சீட்டு எதற்கு?

ஆந்திராவின் எல்லை ஊரான நகரியிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். விசைத்தறி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். மகள் சென்ற ஆண்டு இன்டரில், அதாவது ஆந்திராவின் பிளஸ் டூவில், பைபிசி (உயிரியல், இயற்பியல், வேதியியல்) முடித்து நீட் எழுதினாள். அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் எட்டவில்லை. இப்போது திருப்பதியில் தங்கி மறுபடியும் படிக்கிறாள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மாமாவும் பெரியப்பாவும் முடிவே செய்துவிட்டார்கள்: தமிழ்நாட்டில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ். ஏஜென்ட் ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போகத் தயாராக இருக்கிறது. மகளோ, "நைனா, ரத்தப் புற்றுநோய் எப்படி கிட்னியைக் கெடுக்குதுன்னு கண்டுபிடிக்கிற வேலைக்குப் போறேன்" என்கிறாளாம். "இது ஒரு வேலையா சார், சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை, ஏனென்றால் பணம் கைமாறும் நேரம் நெருங்கிவிட்டது.

முதலில் ஏஜென்ட். நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்பிபிஎஸ் இடங்கள் நீட் தரவரிசைப்படி மத்திய கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. யாரும் முன்கூட்டியே "பேசி முடிக்க" முடியாது. அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அடுத்து, கட்டணம். பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல். விடுதி, சாப்பாடு சேர்த்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டும். அதன்பின் எம்டி இல்லாமல் இன்றைக்கு எம்பிபிஎஸ் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கடனை அடைப்பது பெரும்பாடு. எம்டிக்கும் இதே மாதிரி ஒரு கடனா? தறி ஓடும் வீட்டை அடமானம் வைத்து இதைச் செய்யக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இந்த முறை மதிப்பெண் வந்து அரசு இடம் கிடைத்து, அவளும் விரும்பினால் தாராளமாகச் சேரட்டும். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது, நான் வேண்டாம்.

நான் உங்கள் மகளோடு போனில் பேசினேன். ஆயாவுக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இருந்தபோது ரிப்போர்ட்டுகளை எல்லாம் அவள்தான் ஃபைல் போட்டு வைத்தாளாம். ஒரு விஷயம் அவளை உறுத்தியிருக்கிறது. சிறுநீரில் பட்டை நனைத்துப் பார்க்கும் சோதனையில் "ஆல்புமின் இல்லை" என்று இருந்தது. அதே வாரம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்ததில் புரதம் ஏகமாக இருந்தது. "ரெண்டுல ஒண்ணு தப்பா சார்?" என்றாள். இரண்டும் சரி. அந்தப் பட்டை முக்கியமாக ஆல்புமின் என்ற ஒரு புரதத்தைத்தான் கண்டுபிடிக்கும். மைலோமாவில் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகி, எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டை, லைட் செயின் என்பார்கள், அளவில்லாமல் கொட்டுகின்றன. பட்டைக்கு அது தெரியாது. சிறுநீரகம் அதை வடிகட்டியதும், அது நுண்குழாயில் யூரோமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து உறைந்து, சாயப்பட்டறைக் குழாயில் கழிவு இறுகி அடைப்பதுபோல அடைத்துவிடுகிறது. முதுகுவலி, ரத்தசோகை என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்து, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகு நோய் தெரியவருவது இப்படித்தான். இந்த விசித்திரப் புரதத்தை லண்டனில் பென்ஸ் ஜோன்ஸ் என்பவர் 1840களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். இன்னும் அதன் பெயரில் அவர் இருக்கிறார்.

பதினெட்டு வயதில் இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முரண்பாட்டைப் பிடித்த பெண்ணுக்கு எங்கே நாட்டம் என்று இதற்கு மேல் யாரிடம் கேட்க வேண்டும், ஐயா?

இந்த வேலையை டாக்டர்கள் மட்டும் செய்வதில்லை. மைலோமாவுக்கு இன்று பரவலாகக் கொடுக்கும் போர்டிசோமிப் மருந்தின் வேர், செல்லுக்குள் புரதம் எப்படிச் சிதைகிறது, நோயில் தசை ஏன் கரைகிறது என்று தேடிய உயிர்வேதியியல் ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவில் அது 2003இல் அனுமதி பெற்றது. நம் நாட்டில் ஐஐடி பம்பாயின் ஆய்வகமும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் வெள்ளை அணுவை வெளியே எடுத்து, மாற்றி, உள்ளே திருப்பி அனுப்பிப் புற்றை அழிக்க வைப்பது. ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டியவர்கள் இல்லை. சிறுநீரகப் பக்கம் உங்கள் மாநிலத்திலேயே பெரிய கேள்வி ஒன்று தொங்குகிறது. ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானத்தில் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்கும் கிட்னி பழுதாகிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

இனி வழி. உங்கள் ஊரிலிருந்து ரேணிகுண்டா தாண்டினால் ஏர்ப்பேடு. அங்கேதான் ஐசர் திருப்பதி இருக்கிறது, மத்திய அரசு 2015இல் தொடங்கிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த அறிவியல் பட்டம். முதலில் எல்லோருக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். பிறகு அவரவர் துறை. கடைசி ஆண்டு முழுக்க ஆய்வு. சேர்க்கை ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு வழியே. மூன்று மணி நேரம், 60 கேள்வி, நான்கு பாடத்துக்கும் பதினைந்து பதினைந்து. சரிக்கு 4, தவறுக்கு 1 கழிப்பு. ஏழு ஐசர்களுக்கும் இந்த ஒரே தேர்வு. பெங்களூரு ஐஐஎஸ்சி என்ற இந்திய அறிவியல் கழகமும், ஐஐடி மெட்ராஸில் 2023இல் தொடங்கிய மருத்துவ அறிவியல்-பொறியியல் பட்டப்படிப்பும் இதே மதிப்பெண்ணைப் பார்க்கின்றன.

உங்களைப் போன்ற எல்லைக் குடும்பங்களுக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டு ஆந்திரா என்பதால் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் உங்களுக்கு இடமில்லை. ஐசரில் மாநிலக் கணக்கே கிடையாது. பிறந்த ஊர்ச் சான்றிதழுக்காகத் திருத்தணிக்கும் சித்தூருக்கும் அலைய வேண்டாம்.

சங்கடமும் உண்டு. அவள் பைபிசி, கணக்கைப் பத்தாம் வகுப்போடு விட்டவள். விண்ணப்பிக்கத் தடையில்லை, நான்கில் மூன்று பாடம் படித்திருந்தால் போதும். ஆனால் அந்தப் பதினைந்து கணக்குக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போனால் பின்தங்குவாள். அணிகள், நிகழ்தகவு, சார்புகள், வகைநுண்கணிதத்தின் தொடக்கம், இவற்றை ஒரு நல்ல கணக்கு வாத்தியாரிடம் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். இந்தத் தேர்வுக்கு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் வரம்பு உண்டு. மூன்றாவது முறை நீட் எழுதிவிட்டு நிதானமாக வரலாம் என்று நினைத்தால் கதவு சாத்தியிருக்கலாம். இந்த ஆண்டே எழுத வேண்டும்.

சோறு போடுமா என்றீர்கள். பிஎஸ்-எம்எஸ் முடித்துத் தேசியத் தகுதித் தேர்வில் தேறிப் பிஎச்டி சேர்ந்தால் உதவித்தொகை மாதம் ரூ.37,000, மூன்றாம் ஆண்டிலிருந்து ரூ.42,000, வீட்டு வாடகைப் படி தனி. அதாவது இருபத்து மூன்று வயதில் அவள் உங்களிடம் பணம் கேட்பதை நிறுத்துவாள். பிளஸ் டூ மதிப்பெண்ணில் தன் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.80,000 வரை உண்டு. அவள் மதிப்பெண்ணை எடுத்துப் பாருங்கள். பிஎச்டிக்கு வேலூரில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற செல், மூலக்கூறு உயிரியல் மையம், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம், நவி மும்பையில் டாடாவின் புற்றுநோய் ஆய்வு மையமான ஆக்ட்ரெக்.

மறைக்காமல் சொல்கிறேன்: நிரந்தர வேலை கையில் வர முப்பத்து மூன்று, முப்பத்தைந்து வயதாகலாம். பிஎச்டி முடித்து இரண்டு மூன்று ஆண்டு வேறு ஆய்வகத்தில் தற்காலிக வேலை, பெரும்பாலும் வெளியூர் அல்லது வெளிநாடு. பாதிச் சோதனைகள் தோற்கும். அவள் ஒருபோதும் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன். "தெரியும் சார், எனக்கு ஸ்லைடு பார்க்கணும்" என்றாள். கல்யாணத்துக்கு வயதாகிவிடும் என்று பெரியப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எம்பிபிஎஸ், எம்டி, அதற்கு மேல் ரத்தநோய்க்கு டிஎம் என்று போனாலும் பதினொன்றரை ஆண்டு. அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஐஏடியில் இடம் வராவிட்டால் வீட்டை விற்காமல் நல்ல கல்லூரியில் பிஎஸ்சி உயிர்வேதியியல் சேருங்கள்; மூன்றாண்டில் எம்எஸ்சி சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் தேர்வு, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமான டிஐஎஃப்ஆரின் உயிரியல் தேர்வு என்று இதே ஆய்வுக்கு வேறு வாசல்கள் திறக்கும். விண்ணப்பம் வழக்கமாக மார்ச் வாக்கில் வரும், தேர்வு மே கடைசியிலோ ஜூனிலோ. ஃபாரத்தை அவளே நிரப்பட்டும், மாமா வேண்டாம்.