டிராஃப்ட் என்றால் என்ன? தோற்ற அணிக்கு ஏன் முதல் வாய்ப்பு?

அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரியில் ஆடிய வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. ஒரே அணி நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டால் அப்புறம் போட்டியில் என்ன சுவாரஸ்யம்? சிறுவர்கள் ஆள் பிரிக்கும்போது, போன ஆட்டத்தில் தோற்றவனிடம் "முதல்ல நீ எடு" என்பது மாதிரிதான்.

பாஸ்டன் வட்டாரத்தின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 2023 பருவத்தில் 17 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்றது. 2024 டிராஃப்டில் கிடைத்த 3-ஆவது வாய்ப்பில் டிரேக் மே என்ற கல்லூரி வீரரை எடுத்தது. கல்லூரி அணிகளுக்கு டிராஃப்ட் கிடையாது. பள்ளி மாணவர்களைப் பேசி இழுக்க வேண்டும். அதனால் பெயர்பெற்ற கல்லூரிகளை அசைப்பது கஷ்டம்.

உள்ளூர் கல்லூரி நட்சத்திரம் உள்ளூர் அணிக்கே போவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டிரேக் மே கல்லூரியில் ஆடியதோ பாஸ்டன் பக்கம் இல்லை, வட கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு.