அந்த அரை மில்லி

அன்புள்ள ஐயா,

அறிவியலில் ஆர்வமும் ஓர் அறம் என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நேர்மை அறம், ஒத்துக்கொள்கிறேன். ஆர்வம் பிறவிக் குணமல்லவா? என் மகன் உயர்நிலை நான்கில் படிக்கிறான். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பான், செய்முறை அறிக்கையை மட்டும் நேரத்துக்கு முடிக்க மாட்டான். இதை அறம் என்று சொல்லி அவனை இன்னும் கெடுக்காதீர்கள்!

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

பையன் கண்ணில் இது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அவன் பக்கம்தான்.

இங்கே தொடக்கக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள் டைட்ரேஷன்: ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, வினை முடிய எத்தனை மில்லி ஆயிற்று என்று அளக்கும் சோதனை. முதல் ரீடிங் 24.8 மில்லி, அடுத்த இரண்டும் 24.3. பக்கத்து மேசைத் தோழிக்கும் 24.3. ரப்பரை எடுத்து 8-ஐ அழித்து 3 ஆக்கினேன். மறு வருடம் ஆய்வக உதவியாளர் ஒருவர், கரைசலை விடும் அளவுக்குழாயான பியூரெட்டைத் தூக்கிக் காட்டினார்: குழாய்த் திருகுக்குக் கீழே முனையில் ஒரு காற்றுக்குமிழி. திறந்ததும் குமிழி வெளியேறும், அந்த இடத்தை நிரப்பும் திரவமும் நம் கணக்கில் ஏறிவிடும். என் அரை மில்லி அதுதான்! பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு அன்றைக்கும் தெரியும். 'ஏன் 24.8?' என்ற அரிப்பு மட்டும் இருந்திருந்தால் ரப்பருக்கு வேலையே வந்திருக்காது.

ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்கு அந்த அரிப்பு இருந்தது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியா வழியாக எடுத்த நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது. யாரும் 'பரவாயில்லை' என்று விட்டுவிடக்கூடிய வித்தியாசம். அவர் 1892இல் நேச்சர் என்ற அறிவியல் இதழுக்கு எழுதி, 'எனக்குப் புரியவில்லை, வேதியியல் அறிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று ஊரறியக் கேட்டார். (ஒரு பேராசிரியர் இப்படிக் கேட்பது சின்ன விஷயமா?) பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முறையை மாற்றி அந்த வித்தியாசத்தை இருநூற்றில் ஒரு பங்காகப் பெருக்கினார். பிழையை மறைக்கத்தான் நமக்குக் கை போகும்; அவர் அதைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தார். 1894இல் வேதியியலாளர் ராம்சேயும் அவரும், காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனோடு கலந்து அதைக் கனமாக்கிய ஆர்கான் என்ற புதிய வாயுவை அறிவித்தார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு அது. 1785லேயே கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி, காற்றை ஆராய்ந்தபோது தன் குழாயில் கரையாமல் நின்ற ஒரு சிறு குமிழியை மறைக்காமல் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பை விடாமல் துரத்த ஆள் கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

பிறவிக் குணம் என்கிறீர்கள். துணிச்சலும் சிலருக்குப் பிறவியிலேயே வருகிறது, மற்றவர்கள் பழகிக்கொள்கிறோம். எதிர்வீட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதும் ஆர்வம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், ஆனால் அந்த எட்டிப் பார்த்தலில் நம் தவறு எதுவும் வெளியே வருவதில்லை.

அறிக்கையை நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அதில் நான் உங்கள் கட்சி. கூடவே, இந்த வாரம் எந்த ரீடிங் ஒத்துவரவில்லை என்றும் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்