எத்தீரியம் பிளாக்செயினிலிருந்து அதன் துணை வலையமைப்பான ஆர்பிட்ரத்துக்கு 500 யுஎஸ்டிசியை (ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் கிரிப்டோ நாணயம்) பிரிட்ஜ் வழியாக மாற்றினேன். இரண்டு மணி நேரமாகியும் வாலட்டில் பூஜ்யம். பணம் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது. எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் உங்கள் வாலட் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ‘அப்ரூவ்’ மட்டும் இருந்தால் 500-ம் கிளம்பவே இல்லை. அப்ரூவ் என்பது பிரிட்ஜுக்கு “இவ்வளவு எடுத்துக்கொள்” என்று தரும் அனுமதிதான். அனுப்புவது அடுத்த பரிவர்த்தனை. முதல் கையெழுத்தோடு ஜன்னலை மூடிவிடுபவர்கள் நிறைய.

இரண்டாவதும் ‘சக்சஸ்’ என்றால், எந்த வழியில் போனது என்று பாருங்கள். எந்த பிரிட்ஜும் நாணயத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் சிசிடிபி என்ற பரிமாற்ற வழியில், இங்கே 500-ஐ எரித்துவிட்டு அங்கே புதிதாக அச்சடிப்பார்கள். நடுவே, எத்தீரியத்தில் அந்தப் பரிவர்த்தனை பதிவான பிளாக் மாற்ற முடியாதபடி இறுதியாகக் கால் மணி நேரம் போல ஆகும். பிறகு சர்க்கிள் ஒரு சான்று தரும். அதை ஆர்பிட்ரத்தில் யாராவது சமர்ப்பித்தால்தான் பணம் வரும். சில தளங்கள் தாமே செய்யும். சிலவற்றில் நீங்கள்தான் ‘கிளெய்ம்’ அழுத்த வேண்டும். அதற்கான ‘கேஸ்’ என்ற பரிவர்த்தனைக் கட்டணத்தைக் கட்ட, ஆர்பிட்ரத்திலேயே ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) இருக்க வேண்டும். யுஎஸ்டிசியை மட்டும் அனுப்பிவிட்டு, கேஸ் கட்ட வழியில்லாமல் நிற்பது இங்கேதான். ஒரு டாலர் மதிப்புள்ள ஈதரை அங்கே அனுப்பி கிளெய்ம் செய்யுங்கள்.

ஆர்பிட்ரத்தின் பழைய சொந்த பிரிட்ஜ் வேறு ரகம். உங்கள் 500-ஐ எத்தீரியத்தில் பூட்டிவைத்து, மறுபக்கம் ‘யுஎஸ்டிசி.இ’ என்ற ரசீதைத் தரும். இதை வாலட் தானாகக் காட்டாமல் இருக்கலாம்; டோக்கனைச் சேர்த்தால் தெரியும். பெயரை நம்பாதீர்கள், டோக்கனின் ஒப்பந்த முகவரியைப் பாருங்கள்: சைபர்-எக்ஸுக்குப் (0x) பிறகு ‘எஃப்எஃப்970’ என்று தொடங்குவது யுஎஸ்டிசி.இ, ‘ஏஎஃப்88’ என்றால் சர்க்கிள் நேரடியாக வெளியிட்டது. தொடக்கம் ஒத்த போலிகளும் வரலாம், முழு முகவரியையும் ஆர்பிட்ரத்துக்கான ஆர்பிஸ்கேன் தளத்தில் ஒப்பிடுங்கள். யுஎஸ்டிசி.இ-யை அப்படியே எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப வேண்டாம். பலவும் வரவு வைக்காது. முதலில் யுனிஸ்வாப் போன்ற நாணயம் மாற்றும் தளத்தில் யுஎஸ்டிசியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்பிட்ரத்தின் அதே பழைய பிரிட்ஜில் எத்தீரியத்துக்குத் திரும்பி வரும்போது அவசரம் கூடாது. மோசடியை எதிர்த்து முறையிட விட்டிருக்கும் அவகாசத்தால் ஏறத்தாழ 7 நாள் ஆகும். அதற்குப் பிறகும் எத்தீரியத்தில் கேஸ் கட்டி கிளெய்ம் செய்ய வேண்டும்; அந்தக் கேஸ் சிறு தொகையைத் தின்றுவிடும்.

ரசீது முறையில் எல்லாம் பூட்டின் பலத்தில்தான் நிற்கிறது. 2022 மார்ச்சில் ரோனின் என்ற பிரிட்ஜில் பணம் எடுக்க ஒப்புதல் தரும் 9 சாவிகளில் 5 திருடர் கையில் சிக்கின. 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் போயின. ஒருவர் பணம் எடுக்க முடியாமல் புகார் செய்யும் வரை, ஆறு நாள், யாருக்கும் தெரியவில்லை. சிசிடிபி போகும் இடமென்றால் அதையே எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

டெலிகிராமில் “சப்போர்ட்” என்று வந்து சீட் பிரேஸ் (வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள்) கேட்பவரை உடனே பிளாக் செய்யுங்கள். மாட்டிக்கொண்ட பிரிட்ஜ் பரிவர்த்தனையை எடுக்க அது எங்கேயும் தேவைப்படாது.